புதிதாகக் குழுப் பொறுப்புக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு வேலையில் 19 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அதில் 12 ஆண்டுகள் சூப்பர்வைசராக. புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி, தங்கைகள் தேக்காவில் (லிட்டில் இந்தியா) தேநீர் குடிக்கும்போதும், ராத்திரி போனிலும் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களில் டெக்னீஷியன்கள் அதிகம். கப்பல் பட்டறை, கிடங்கு, துப்புரவு வேலைகளில் இருப்பவர்கள் உண்டு, அலுவலகத்தில் இருப்பவர்களும் உண்டு. ஆட்களை நடத்துவதைப் பொறுத்தவரை இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குழு நலமாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

கெட்ட செய்தி உங்கள் காதுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து. ஆட்கள் சிரித்துப் பேசுகிறார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் நல்ல அடையாளங்கள்தான். ஆனால் சிரித்துப் பேசிக்கொண்டே தப்பை மறைக்கிற குழுக்களையும் பார்த்திருக்கிறேன்.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் சில்லர் அறையில் (கட்டடத்துக்குக் குளிர்ச்சி தரும் எந்திரங்கள் இருக்கிற அறை) பம்பின் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மூடி வைத்த வால்வைத் திரும்பத் திறக்க மறந்துவிட்டார். பம்ப் தானாக ஓடத் தொடங்கும் நேரம் அதிகாலை 5 மணி. தண்ணீர் வராமல் வறட்டு ஓட்டம் ஓடி, சீல் கருகிப்போனது. நான் போய்ச் சேரும்போது அறையில் ரப்பர் தீய்ந்த வாடை, தரையெல்லாம் தண்ணீர். அந்தத் தம்பி மூலையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எப்போ ஞாபகம் வந்தது?" என்று கேட்டேன். "நேத்து ராத்திரி பத்தரைக்கே வந்துடுச்சு பாஸ். போனை எடுத்தேன். உங்க பேரைப் பார்த்ததும் கீழே வெச்சுட்டேன்" என்றார்.

பத்தரைக்கு ஒரு அழைப்பு வந்திருந்தால் இரவு ஷிப்டில் இருந்தவர் இரண்டு நிமிடத்தில் வால்வைத் திறந்திருப்பார். அந்த அழைப்பு வராததற்குக் காரணம் நான். அதற்கு முந்தின வாரம்தான் இன்னொருவரை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி வைத்து, ஒரு சின்னத் தவறுக்காகக் கால்மணி நேரம் திட்டியிருந்தேன். கேட்டுக்கொண்டு நின்ற எட்டுப் பேரும் அன்றைக்கே பாடம் கற்றுக்கொண்டார்கள்: இந்த ஆளிடம் எதையும் சொல்லக் கூடாது.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கெடுத்தால் நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் பயப்படாமல் சொன்னார்கள், மற்றவர்கள் மூடி மறைத்தார்கள். இதைப் படித்தபோது அந்தத் துடைப்பமும் தண்ணீரும்தான் என் கண்முன் வந்தன.

அப்படியென்றால் தப்பு செய்தவரைக் கண்டிக்கவே கூடாதா?

கண்டிக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கே, நடந்ததை மட்டும் சொல்லிக் கண்டியுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. பாராட்டை எல்லார் முன்னாலும் வைத்துக்கொள்ளுங்கள். தானே முன்வந்து தவறைச் சொன்னவருக்கும் மறைத்து மாட்டிக்கொண்டவருக்கும் ஒரே தண்டனை கொடுத்தால், அடுத்த முறை யாரும் முன்வரமாட்டார்கள்.

பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறுவது வேறு சங்கதி. உயரத்தில் பெல்ட் மாட்டாமல் ஏறுகிறவரிடம் அன்பாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. முதலில் கீழே இறக்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

நேற்று வரை கூட வேலை பார்த்தவர்கள். இன்றைக்கு நான் சூப்பர்வைசர். எப்படி நடந்துகொள்வது?

அண்ணன் என்று கூப்பிட்டவரை இன்றும் அண்ணன் என்றே கூப்பிடுங்கள். பதவி வந்த மறுநாளே பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களை ஆட்கள் கடைசிவரை மன்னிப்பதில்லை. முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். "வேலையில் உங்களுக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி போதும். வருகிற பதில்களில் உடனே செய்யக்கூடிய ஒன்றை அந்த வாரமே செய்து காட்டுங்கள். எனக்கு முதலில் கிடைத்த பதில், உடை மாற்றும் அறையில் மின்விசிறி வேலை செய்யவில்லை என்பது. ஊர் கட்டடத்துக்கெல்லாம் குளிர்ச்சி கொடுக்கிற ஆட்கள் புழுக்கத்தில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தனக்கு வந்திருக்க வேண்டிய பதவி என்று நினைக்கிற மூத்தவர் ஒருவர் குழுவில் இருப்பார். அவரைத் தவிர்க்காதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒரு வேலையை, புதியவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்போடு சேர்த்து, மனதாரக் கொடுங்கள்.

என் குழுவில் தமிழர், மலாய்க்காரர், சீன அங்கிள், பங்களாதேஷ் தம்பிகள் எல்லாரும் இருக்கிறார்கள். எப்படி ஒன்றாகச் சேர்ப்பது?

முதலில் உங்கள் நாக்கைக் கவனியுங்கள். தமிழரான நாம் பொறுப்புக்கு வந்ததும் தெரியாமல் செய்கிற தவறு இது. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலை தொடங்கும் முன் நடக்கிற சின்னக் கூட்டம்) ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு, நம் ஆட்களிடம் திரும்பித் தமிழில் ஐந்து நிமிடம் பேசுவோம். உள்நோக்கம் ஒன்றும் இல்லை, அது நமக்கு எளிது. ஓரமாக நிற்கிற சீன அங்கிளுக்கும் பங்களாதேஷ் தம்பிக்கும் அது எப்படி இருக்கும்? தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள். நல்ல வேலை நம் ஆட்களுக்குத்தான் போகிறது என்று நினைப்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

நான் வைத்துக்கொண்ட வழக்கம்: கூட்டத்தில் பேசுவது எல்லாருக்கும் புரிகிற எளிய ஆங்கிலத்தில். தமிழில் விளக்க வேண்டியிருந்தால் "இதையே தமிழில் சொல்கிறேன்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் வேலையைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்த மொழிக்காரரும் தலையைத்தான் ஆட்டுவார். "எந்த வால்வை முதல்ல மூடுவீங்க?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, பெயர். பல இடங்களில் பங்களாதேஷ்காரர் எல்லாரும் "பாய்", சீனப் பெரியவர் எல்லாரும் "அங்கிள்". இரண்டு ஆண்டு பக்கத்தில் நின்று வேலை செய்தும் பெயர் தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தியை வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. உயிர் போகிற இடத்திலேயே அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். நமக்கு அரை நிமிடம் கிடைக்காதா? புதிதாக ஒருவர் சேரும் நாளில் எல்லாரும் வட்டமாக நின்று பெயர் சொல்லுங்கள். அவர் பெயரை அவர் சொல்கிற மாதிரியே உச்சரிக்கப் பழகுங்கள்.

மூன்றாவது, ஜோடி போடுவது. ஒரே ஊர்க்காரர் இருவரைச் சேர்த்து அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் மாதம் முழுக்க அப்படியே அனுப்பினால் குழுவுக்குள் மூன்று குழு உண்டாகிவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது ஜோடியை மாற்றிப் போடுங்கள்.

ஒருவருக்கு வேலை கொடுப்பதிலோ வாய்ப்புக் கொடுப்பதிலோ இனம், மதம், நாடு பார்ப்பது எப்போதுமே தவறு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் இவற்றோடு வயது, பாலினம், மொழித்திறன், உடற்குறை, மனநலப் பிரச்சினை போன்றவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. ஊழியர்களின் குறையைக் கேட்க நிறுவனத்தில் முறையான வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குழுத் தலைவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குழுவில் இரண்டு பேர் பேசிக்கொள்வதே இல்லை. பஞ்சாயத்து பண்ணலாமா?

உடனே நடுவில் உட்காராதீர்கள். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். பத்துக்கு ஏழு சண்டை குணத்தால் வந்ததாக இருக்காது என்பது என் அனுபவம். அமைப்பில் எங்கோ ஓட்டை இருக்கும். ஒரு வேலை யாருடையது என்று எழுதி வைத்திருக்கமாட்டோம், அல்லது இரண்டு ஷிப்டுக்கு நடுவில் பேச்சு இருக்காது.

என் குழுவில் பகல் ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் ஓராண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவர் தஞ்சாவூர்க்காரர், மற்றவர் ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருகிற மலேசியத் தமிழர். "அவன் சோம்பேறி, எல்லாத்தையும் எனக்கு விட்டுட்டுப் போறான்" என்று இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். லாக்புக்கை எடுத்துப் பார்த்தேன். "எல்லாம் சரி" என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை, நாள் தவறாமல். குடிவரவுச் சோதனையில் நெரிசல் என்றால் ஒருவர் தாமதமாக வருவார், மற்றவர் கம்பெனி லாரியைப் பிடிக்க ஓடிவிடுவார். இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே வழியில்லை.

ஷிப்டு மாற்றத்தில் 15 நிமிடம் ஒன்றின்மேல் ஒன்று வருகிற மாதிரி நேரத்தை மாற்றி, லாரியையும் அதற்கேற்பத் தள்ளி வைக்கச் சொல்லி மேலிடத்தில் கேட்டு வாங்கினேன். அந்த 15 நிமிடத்துக்குச் சம்பளமும் உண்டு என்று எழுதி வாங்கினேன். அது இல்லாமல் அதைக் கேட்பது நியாயம் இல்லை. லாக்புக்கில் மூன்று கட்டம் போட்டேன்: முடிந்தது, பாதியில் நிற்பது, கவனிக்க வேண்டியது. இரண்டு மாதத்தில் அந்த இருவரும் பேசத் தொடங்கினார்கள். நான் ஒரு சமாதான வார்த்தைகூடச் சொல்லவில்லை.

சண்டை உண்மையிலேயே ஆள்மேல் என்றால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிரட்டல், கை ஓங்கல், பெண் ஊழியரிடம் தகாத பேச்சு என்றால் பஞ்சாயத்தே கூடாது. அது துன்புறுத்தல். நேராக நிறுவனத்தின் முறைப்படி எழுத்தில் கொண்டுபோங்கள். 2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும்.

ஒருவர் மட்டும் உழைக்காமல் நழுவுகிறார். மற்றவர்களுக்கு எரிச்சல்.

அவர் செய்ய வேண்டியது எது என்று தனியாகப் பிரித்து, பெயர் போட்டுக் கொடுங்கள். கூட்டமாகச் செய்கிற வேலையில் ஒவ்வொருவரும் கொஞ்சம் தளர்வது மனித இயல்பு. பிரெஞ்சுக்காரரான ரிங்கெல்மன் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து இதை அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கிற பலத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் ஒவ்வொருவரும் கொடுத்திருந்தார்கள். பெயர் போட்ட பிறகும் நழுவுகிறார் என்றால் உடம்பிலோ வீட்டிலோ ஏதாவது பிரச்சினையா என்று விசாரியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் எச்சரிக்கைக் கடிதம். மற்றவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பண்டிகை விடுப்பில் ஒவ்வொரு வருஷமும் மனக்கசப்பு வருகிறது. வழி உண்டா?

உண்டு. வருஷம் பிறப்பதற்கு முன்பே அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், இரண்டு ஹரி ராயாவுக்கும் ஒவ்வொரு நாள், தீபாவளிக்கு ஒரு நாள். ஒரு சமூகத்தின் பண்டிகையில் மற்றவர்கள் வேலை பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். எங்கள் இடத்தில் சீனப் புத்தாண்டுக்கு நாங்கள் வருவோம், தீபாவளிக்கு அங்கிள்மார்கள் வருவார்கள். தீபாவளி மறுநாள் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுப்பது கட்டாயம். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் ஒருமுறை மறந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

தைப்பூசம்தான் கஷ்டம். 1968க்குப் பிறகு அது பொது விடுமுறை இல்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுத்து நடந்தவருக்கு அன்றைக்கு மட்டும் விடுப்புக் கொடுத்தால் போதாது. மறுநாள் கால் தரையில் வைக்க முடியாது. அவர்களுக்கு இரண்டு நாள் கிடைக்கிற மாதிரி, நேர்த்திக்கடன் இருப்பவர்கள் யார் என்று டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள். இதை மலாய், சீன நண்பர்களிடம் விளக்கிச் சொன்னால் அவர்களே முன்வந்து நாளை மாற்றிக் கொடுப்பார்கள். சொல்லாமல் கடைசி நேரத்தில் விடுப்புக் கேட்டால்தான் கசப்பு.

எம்சி (மருத்துவ விடுப்பு) அடிக்கடி எடுக்கிறவரை என்ன செய்வது?

ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் தங்க வேண்டிவந்தால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள் வரை. சட்டம் கொடுத்த உரிமை. நீங்கள் கொடுக்கிற சலுகை என்று நினைக்காதீர்கள். "நல்லாத்தானே இருந்தீங்க?" என்று சந்தேகப் பேச்சு பேசினால், அடுத்த முறை காய்ச்சலோடு வந்து மற்ற ஆறு பேருக்கும் கொடுப்பார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரே ஆள் திங்கட்கிழமை தோறும் எடுக்கிறாரா, அல்லது குழு முழுக்க எம்சி கூடுகிறதா? இரண்டாவது என்றால் உங்கள் ரோஸ்டரைத்தான் (வேலை முறைப் பட்டியல்) சந்தேகப்பட வேண்டும். வேலைவாய்ப்புச் சட்டத்தின் வேலைநேர விதிகளுக்கு உட்பட்டவர்களுக்கு மாதம் 72 மணி நேரம் வரைதான் ஓடி (கூடுதல் நேர வேலை). பணம் வேண்டும் என்று ஆட்களே ஓடி கேட்பார்கள். ஊரில் கடன் இருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும், புரிகிறது. ஆனாலும் மூன்று வாரம் ஓய்வு நாள் இல்லாமல் உழைத்தவரின் கையில் ஸ்பேனர் கொடுத்து ஏணியில் ஏற்ற எனக்கு மனம் வராது.

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் எதைக் கேட்டாலும் "ஓகே பாஸ்" என்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள். வேலை போனால் பெர்மிட் போகும், தங்கும் விடுதியில் இடம் போகும், ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் மட்டும் இருக்கும். அந்த நிலையில் யாராக இருந்தாலும் ஓகே என்றுதான் சொல்வார்கள். எனவே கூட்டத்தில் கேட்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, கையும் வேலை செய்துகொண்டே கேளுங்கள். "பிரச்சினை இருக்கா?" என்பதைவிட "போன வாரம் எந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருந்தது?" என்று கேட்டால் பதில் வரும். சொன்னதை வைத்து அவருக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது. ஒருமுறை வந்துவிட்டால் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

சம்பளம் குறைந்து வருகிறது, பிடித்தம் கணக்கில்லை என்று யாராவது சொன்னால் மழுப்பாதீர்கள். நிறுவனத்தில் பேசியும் தீரவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணை அவருக்குக் கொடுங்கள்.

ஒருவர் மனம் உடைந்து போயிருக்கிறார் என்று தெரிகிறது. நான் டாக்டர் இல்லையே?

டாக்டராக வேண்டாம். கவனித்ததைச் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா சாப்பாட்டுக்குக்கூட எங்ககூட வரலை. என்னப்பா ஆச்சு?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அறிவுரை, "எனக்கும் இப்படித்தான்" கதை எதுவும் வேண்டாம். நான் அறிந்த ஒருவருக்கு அப்பா இறந்து ஊருக்குப் போக முடியவில்லை. விடுதியில் எட்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். கேட்டதும் அழுதார். அன்றே விடுப்பும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்தோம்.

24 மணி நேரமும் பேச ஆள் இருக்கிற எண்கள் இரண்டு: மனநல உதவிக்கு 1771, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் 1767. இரண்டையும் உங்கள் போனில் இப்போதே சேமித்து வையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. அவரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலைநேரத்தை மாற்றிக் கேட்கிறார் ஒருவர். கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே?

கேட்கட்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டியின்படி, முறையாக எழுதிக் கேட்டவருக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் வேலை சார்ந்ததாக இருக்க வேண்டும். "எல்லாரும் கேட்பார்கள்" என்பது காரணம் ஆகாது.

வாட்ஸ்அப் குழுவில் யாரையாவது கண்டிக்கலாமா?

கூடாது. அங்கே வேலைச் செய்தி மட்டும். ஓய்வு நாளில் அனுப்பாதீர்கள்.

குழு ஒற்றுமைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போவது, விருந்து வைப்பது பயன்படுமா?

ஏற்கெனவே நன்றாக இருக்கிற குழுவுக்கு இனிக்கும். உடைந்த குழுவை ஒட்டாது. வைத்தால் ஹலாலா, சைவமா, மாட்டிறைச்சி சாப்பிடாதவர் யார் என்று முன்பே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். வாரம் முழுக்க உழைத்தவருக்குத் துணி துவைக்கவும் ஊருக்குப் போன் பேசவும் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

ராத்திரி எந்த நேரமும் போன் வந்தால் எடுக்கத்தான் வேண்டுமா? நானும் மனுஷன்தானே?

வேண்டாம். நான் பல ஆண்டுகள் எடுத்தேன், வீட்டில் பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசவில்லை. பிறகுதான் வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த வாரம் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சில்லர் அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டினோம். முறை உள்ளவருக்கு அதற்கான படி உண்டு. முறை இல்லாதவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் முறையில் போன் அடித்தால் மட்டும் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். "என்ன இப்போ?" என்று எடுக்காதீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். யாருக்காவது அடிபட்டதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், "சரி, சொல்லு தம்பி."